புல்லாங்குழலுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவில்

அந்த வீட்டில் மன்னிப்புக்குப் பஞ்சமே கிடையாது. டீ ஆறிப்போனால் மன்னிப்பு, செருப்பு மாறிப்போனால் மன்னிப்பு, குளியலறையில் பத்து நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டால் அதற்கும் ஒன்று. யாரும் யோசித்துக் கேட்பதில்லை, யாரும் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, "நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்று மருமகள் சொன்னாள். மாமனார் கையிலிருந்த டம்ளர் மேசைக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

அது ஒரு இசைக்குழுக் குடும்பம். மாமனார்தான் குழுவுக்குத் தலைவர். வீட்டிலும் வெளியிலும் அவருக்கு மாஸ்டர் என்றுதான் பேர். முப்பது வருஷம் டிரம்பெட் ஊதியவர். முன்பற்கள் மூன்று ஆட்டங்கண்டு, அவற்றைப் பிடுங்கிப் பொய்ப்பல் வைத்த பிறகு, ஊதுவதை விட்டுவிட்டு முன்னால் நின்று கையை ஆட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். மகன் டிரம்ஸ், மகள் பாட்டு, மருமகள் கீபோர்டு. குழுவில் வெளியாள் ஒரே ஒருவர்தான். ஒலிப் பலகை முன்னால் உட்கார்ந்து, யார் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஃபேடர் குமிழ்களை மேலும் கீழும் தள்ளுகிறவர். அதனால் அவரையே ஃபேடர் என்று கூப்பிட ஆரம்பித்து, நாளடைவில் சொந்தப் பேர் அவருக்கே மறந்துபோயிருக்கும். எதைக் கேட்டாலும் "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்பார். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் அது ஒன்றுதான் மருந்து.

மருமகள் வாசிக்கும் கீபோர்டில் சொந்தமாகச் சத்தம் கிடையாது. சத்தமெல்லாம் ஒயர் போட்டு இணைத்த லேப்டாப்புக்குள், ஒரு சாஃப்ட்வேர் சிந்தசைசரில் இருந்தது. புல்லாங்குழல், வயலின் கூட்டம், பியானோ, டிரம்பெட் என்று அளவு வைத்துச் சேமித்த சத்தங்கள், அதாவது ப்ரீசெட், மொத்தம் அறுபத்து நாலு. காலடியில் இருக்கும் பெடலை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அடுத்த ப்ரீசெட்டுக்குத் தாவிவிடும். ஒரு கச்சேரிக்கு நாற்பத்தோரு தாவல். கல்யாணமாகி வந்த ஐந்து வருஷத்தில் ஒரு தட்டுக்கூட அவளுக்குப் பிசகியதில்லை. இதை யாரும் பாராட்டியதும் இல்லை. சரியாக நடக்கிற காரியத்துக்கு எந்த வீட்டில் கை தட்டியிருக்கிறார்கள்?

பிசகியது முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். ஒரு ஓட்டல் கூடத்தில் ஏதோ கம்பெனியின் ஆண்டு விழா. இரண்டாவது பாட்டில், புல்லாங்குழல் இழைந்து முடிகிற இடத்தில் டிரம்பெட் எழும்ப வேண்டும். பெடலைத் தட்டினாள். டிரம்பெட் வருவதற்கு முன்னால், கண்ணிமைக்கும் நேரத்துக்கு, வெடி வைத்தமாதிரி ஒரு சத்தம். கூடத்தில் இருந்தவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் தண்ணீரைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அவர்களுக்காவது அது தூரத்து ஸ்பீக்கரில் வந்தது. பாடிக்கொண்டிருந்த நாத்தனாருக்கு நேராகக் காதுக்குள்ளேயே வந்தது. பாடுகிறபோது மற்ற வாத்தியங்களைக் கேட்டுக்கொள்வதற்காக இரண்டு காதிலும் இயர்போன் வைத்திருந்தாள். கீபோர்டு சத்தத்தை ஃபேடர் வலது காதுக்குத்தான் அனுப்பியிருந்தார். அவள் வலது இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டர் திரும்பினார். லேப்டாப்பைப் பார்க்கவில்லை. மருமகளின் கையைப் பார்த்தார். "கை கனம்" என்றார். மைக்குக்கு எட்டாது, குழுவுக்கு எட்டும் அளவில் சொன்னார்.

வாசிப்புக்காரிக்கு இதைவிடக் கேவலமான பேர் வேண்டியதில்லை. காலம் முழுக்கப் பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி கட்டையைத் தொட்டுப் பழகிய கை அது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் மிச்சப் பாட்டுகளைக் குரல் இல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து முடித்துவிட்டு, நாத்தனாரைக் கையோடு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஜவ்வு கிழியவில்லை, காது அதிர்ந்துபோயிருக்கிறது, இரண்டு வாரம் அந்தக் காதுக்குள் பஞ்சைத் தவிர எதுவும் வைக்கக் கூடாது, இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது நாத்தனார் வண்டியின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கணக்குத்தான் மேசைக்கு வந்தது.

"அவ காது வலிச்சதுக்கு நான் எவ்வளவு வருத்தப்பட்டேன்னு அவளுக்கே தெரியும்" என்றாள் மருமகள். "ஆனா என் கை செஞ்சதுன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கச் சொன்னா, அது முடியாது மாமா. என் கை செய்யல."

"அப்ப யார் கை செஞ்சிச்சு? என் கையா?"

பதில் அப்போது மருமகளுக்கும் தெரியாது.

மாஸ்டர் டம்ளரை வைத்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். அடுத்த கச்சேரி இன்னும் பதிமூன்று நாளில், சனிக்கிழமை. அதில் அவளுடைய சத்தத்தைக் கால்வாசிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஃபேடரிடம் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் கீபோர்டே வேண்டாம். இசையை முன்கூட்டியே பதிவு பண்ணி ஓட்டிக்கொள்ளலாம். கனமான கை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இதெல்லாம் வேண்டாமென்றால், மகளிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனிமேல் ஜாக்கிரதையாக வாசிக்கிறேன் என்று சொன்னால் போதும்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே புருஷன் வந்தான்.

"ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டுப் போயேன். அப்பா குணம்தான் உனக்குத் தெரியுமே."

"ஒரு வார்த்தைதானேன்னா உங்க வாயிலயும் அது வருமே. போய் அவ கை கனமில்லன்னு சொல்லுங்களேன்."

அவன் தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினான். மேடையில் இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு தூங்குகிறவனையெல்லாம் எழுப்புகிற மனுஷன், அப்பாவுக்கு முன்னால் மட்டும் தொட்டில் பிள்ளை.

"இப்ப நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஒரு பல்பு ஃபியூஸ் போனாலும் என் கைதான் காரணம்னு ஆயிடும்" என்றாள். "எனக்கு வேற வேலை தெரியாது. இந்தக் கையை வச்சுத்தான் நான் ஆளாயிருக்கேன். அதை யாருக்காகவும் கெட்ட கைன்னு சொல்ல மாட்டேன்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை அறைக்குப் போனாள். ஒரு டயர் கடைக்கு மேல் மாடி அது. கீழே சக்கரம் கழற்றுகிற சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். சுவரில் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள், பேருக்கு. அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஒலிப் பலகையில் தன் வரிசைக்கு நேரே இருக்கும் விளக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். சத்தம் அளவாக இருந்தால் பச்சை எரியும். எல்லை மீறினால் சிவப்பு.

புல்லாங்குழலை வாசித்தாள். பச்சை. பெடலைத் தட்டி டிரம்பெட்டை வாசித்தாள். பச்சை. திரும்பப் புல்லாங்குழல், திரும்ப டிரம்பெட். பச்சை, பச்சை. பத்துத் தடவை செய்தும் சாதுவாக எரிந்தது. கட்டையைக் குத்துகிறமாதிரி அழுத்திப் பார்த்தாள். அப்போதும் சிவப்பு வரவில்லை. ஒருவேளை நிஜமாகவே கைதானோ என்று ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காக அப்புறம் அவள் தன்மேலேயே கோபப்பட்டாள்.

பிறகுதான் உறைத்தது. அந்தக் குழுவில் கச்சேரிக்கு முன்னால் ஒலி பார்ப்பதற்கு மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். "புல்லாங்குழல்" என்று கூப்பிடுவார். அவள் வாசித்து நிறுத்துவாள். அவர் நோட்டில் ஒரு டிக் போடுவார், பேனா எழுதாமல் உதறுவார், பிறகு "டிரம்பெட்" என்பார். அதற்குள் ஐந்து விநாடி போய்விடும். ஐந்து வருஷமாக ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக நிறுத்தி வைத்துத்தான் அந்தக் குழு சோதித்திருக்கிறது. பாட்டில் அந்த ஐந்து விநாடி ஏது? இப்போது அவளும் பழக்கதோஷத்தில் அப்படியே நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புல்லாங்குழலின் கடைசி சுரத்தை வாசித்துவிட்டுக் கையை எடுத்தாள். அந்த ப்ரீசெட்டில் எதிரொலி நீளம். சுரம் நின்ற பிறகும் அது மெல்ல அலைந்துகொண்டிருக்கும். அது அலையும்போதே பெடலைத் தட்டினாள். விளக்கு வரிசை முழுக்கச் சிவந்து அணைந்தது.

கட்டைமேல் ஒரு விரல்கூட இல்லை. இன்னொரு தடவை செய்தாள். சிவப்பு. பன்னிரண்டு தடவை செய்தாள், பன்னிரண்டும் சிவப்பு. கீழே டயர் கடைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, அவள் தனியாக உட்கார்ந்து கையைத் தட்டிச் சிரித்தாள்.

இரண்டு ப்ரீசெட்டையும் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒவ்வொரு ப்ரீசெட்டுக்கும் இரண்டு குமிழ். ஒன்று உள்ளே சத்தம் எவ்வளவு பிறக்க வேண்டும் என்பதற்கு, இன்னொன்று அதில் எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதற்கு. புல்லாங்குழல் உள்ளே நிறையப் பிறந்து, குறைவாக வெளியே வருகிற வகை. அது வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது. டிரம்பெட்டை அவள் இரண்டையும் நடுவில் வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் உள் குமிழ் அடிமட்டத்தில் கிடந்தது, வெளிக் குமிழ் உச்சியில் நின்றது. தனியாகக் கேட்டால் வித்தியாசமே தெரியாது. ஆனால் தாவுகிறபோது வெளிக் குமிழ் முதலில் மாறிவிடுகிறது. புல்லாங்குழலின் எதிரொலி இன்னும் உள்ளே அலைந்துகொண்டிருக்கும்போதே, டிரம்பெட்டுக்காகத் திறந்த பெரிய வழியில் அத்தனையும் பாய்ந்து வந்துவிடுகிறது.

இந்த அளவை அவள் வைக்கவில்லை. கடைசியாக எப்போது சேமித்தது என்று பார்த்தாள். கச்சேரிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கத்தில் நின்று, வாங்கப் போகாத கறுப்புக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தான். லேப்டாப் எப்போதும் இருக்கும் ஒத்திகை அறைக்கு மூன்றே சாவிதான், இரண்டு அவர்களிடமே இருந்தன. மூன்றாவது யாரிடம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வாரம் அந்தப் பாட்டு எல்லாருக்கும் அத்துப்படி என்று ஒத்திகையில் தொடவும் இல்லை. அதனால்தான் வெடி நேராக மேடைக்கு வந்தது.

புதன்கிழமை ஒத்திகைக்கு எல்லோரும் வந்தார்கள். நாத்தனாரும் வலது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வாசற்படி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

"ஃபேடரண்ணே, ஸ்பீக்கரை அணைச்சிடுங்க" என்றாள் மருமகள். "சத்தமே வேண்டாம். எல்லாரும் விளக்கை மட்டும் பாருங்க."

புல்லாங்குழலின் கடைசி சுரத்தை வாசித்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். காலால் பெடலைத் தட்டினாள். சிவப்பு. "கை எங்கேயிருக்குன்னு பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி செய்தாள். மறுபடி சிவப்பு. பிறகு புருஷனைக் கூப்பிட்டாள். அவன் தப்பித்தால் போதும் என்று பார்த்தான், நடக்கவில்லை. ஒற்றை விரலால், சூடு இருக்கிறதா என்று இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிறமாதிரி, அந்தச் சுரத்தைத் தொட்டுவிட்டு விலகினான். அதற்கும் சிவப்புத்தான்.

"நீங்களும் ஒரு தடவை வாசிக்கிறீங்களா மாமா? உங்க கை எவ்வளவு கனம்னு பாக்கலாம்."

மாஸ்டர் நோட்டைப் புரட்டினார். அதில் புரட்ட ஒன்றும் இல்லை.

அவள் விளக்கிச் சொன்னாள். "ஒரு அறையில ரெண்டு பேர் முறை மாத்தி வேலை செய்யறாங்கன்னு வைங்க. ஒருத்தன் கத்திப் பேசுறவன், அதனால கதவை ஒட்டினாப்பல சாத்தி வச்சிருக்கோம். இன்னொருத்தன் முணுமுணுக்கிறவன், அவனுக்குக் கதவை அகலத் திறந்து வைக்கணும். முதல் ஆள் கத்தி முடிக்கிறதுக்குள்ள கதவைத் திறந்துட்டா என்ன ஆகும்? அதான் ஆச்சு. ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்டா ரெண்டு பேருமே நல்லவங்கதான்."

ஃபேடர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப குறைச்சாலும் நிக்காதே" என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் அது பெரிய அதிர்ச்சி.

"சரி, கை இல்ல" என்றார் மாஸ்டர். மென்று முழுங்கித்தான் சொன்னார். "பொட்டி உன்னோடதுதானே. பொட்டி செஞ்சாலும் நீ செஞ்ச மாதிரிதான்."

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். லேப்டாப்பை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"டிரம்பெட்டை யாரோ மாத்திச் சேமிச்சிருக்காங்க மாமா. போன வாரம் செவ்வாய்க்கிழமை, பதினொண்ணு இருபதுக்கு. நானும் இவரும் அப்ப கண்ணாடிக் கடையில இருந்தோம்."

கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"நான் எதையும் கெடுக்கல" என்றார் மாஸ்டர்.

"கெடுத்தீங்கன்னு நான் சொல்லல. தொட்டது யாருன்னு கேக்கறேன்."

"பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுறதா?"

"என் கையை எல்லாரும் பாக்குற மாதிரி பாத்தீங்களே, அப்ப நான் சின்னவங்கிறது ஞாபகம் வரலையா?" அவள் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டினாள். நாத்தனார் பக்கம் கையைக் காட்டினாள். "தொட்டவங்க யாருன்னு இவ முன்னால சொல்ற வரைக்கும் இந்தப் பொட்டி மேடைக்கு வராது. நானும் வர மாட்டேன்."

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். இசையைப் பதிவு பண்ணி ஓட்டிக்கொள்ளலாம் என்று வீராப்பாகச் சொன்னாரே மாஸ்டர், பதிவு பண்ணுவதற்கும் அவள்தான் வாசிக்க வேண்டும் என்பது அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. புருஷன் மட்டும் அவள் பின்னாலேயே ஓடி வந்து, பெடலைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். இருந்தாலும் அவளுக்கு அது பெரிதாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது. மாஸ்டர் அவள் இருக்கிற அறைக்குள் வருவதில்லை. நாத்தனார் தன் துணியைத் தானே மடித்துக்கொண்டாள். மருமகள் பகலெல்லாம் ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மேடைக்குப் போகிறோமோ இல்லையோ என்று நினைக்காமல், அறுபத்து நாலு ப்ரீசெட்டையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். எல்லாவற்றின் வெளிக் குமிழையும் ஒரே அளவில் நிறுத்தினாள். பழைய சத்தம் அடங்கிய பிறகே புதியது திறக்கும்படி நடுவில் ஒரு சின்ன இடைவெளி வைத்தாள். வீம்பு வேறு, வேலை வேறு. இன்னொருத்தி காது சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவளால் வீம்பு பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் நாத்தனார் கதவருகே வந்து நின்றாள். கச்சேரிக்கு இரண்டே நாள்தான் மிச்சம்.

"அண்ணி, அப்பா தொட்டாருங்கிறது நிஜமா?"

"நான் சொன்னா நம்புவியா?"

நாத்தனார் யோசித்தாள். "தெரியல" என்றாள். அந்த நேர்மை மருமகளுக்குப் பிடித்திருந்தது.

"அப்ப என்னைக் கேக்காத. உங்கப்பாவைக் கேளு."

மாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்து, கச்சேரிக்குப் போடுகிற ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் அவருக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள். பஞ்சு வைத்த காது அவர் பக்கமாக இருந்தது.

"அப்பா, டிரம்பெட்டை நீங்க தொட்டீங்களா?"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். மருமகளிடம் மறுப்பது சுலபம், ஊரிடம் மறுப்பது அதைவிடச் சுலபம். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு மறுக்க அவரால் முடியவில்லை.

"கொஞ்சம்தான் ஏத்தினேன்" என்றார்.

"எதுக்குப்பா?"

"டிரம்பெட் யாருக்குமே கேக்கலம்மா. முப்பது வருஷம் ஊதினவன் நான். இப்ப அது பொட்டிக்குள்ளேயிருந்து சளி பிடிச்ச மாதிரி வருது. ஃபேடர்கிட்டச் சொன்னா குறைச்சுக்கலாங்கிறான். சரி, நாமே பாப்போம்னு போய் ஒரு குமிழைத் திருகினேன். கத்திச்சு. பயந்துபோய் இன்னொண்ணை இறக்கினேன். பழையபடி ஆயிடுச்சுன்னு நினைச்சேன். மூடும்போது சேமிக்கவான்னு கேட்டிச்சு. கேக்குதேன்னு ஆமான்னு அமுக்கிட்டேன்." ஷூவைக் கீழே வைத்தார். "அதுதான் உன் காதுல வெடிக்கும்னு எனக்கென்ன தெரியும்? அவ கைன்னுதான் நிஜமாவே நினைச்சேன்."

கதவருகே நின்ற மருமகளுக்கு இரக்கம் வந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஊத முடியாத மனுஷன் ஒரு குமிழைத் திருகிப் பார்த்ததில் என்ன ஆச்சரியம்? ஆனால் இரக்கம் வந்த சாக்கில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடும் ஆள் இல்லை அவள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஏத்திக் குடுத்திருப்பேன் மாமா" என்றாள். "நான் மேடைக்கு வரேன். கால்வாசி சத்தத்துக்கு வர மாட்டேன், முழுசா வரேன். அதை ஃபேடரண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும், ஏன்னும் நீங்கதான் சொல்லணும். ஒலி பாக்கறப்ப இனிமே தனித்தனியாக் கூப்பிடக் கூடாது. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போற இடம் நாப்பத்தொண்ணையும் பாத்தாகணும். அப்புறம், என்னைக் கேக்காம என் பொட்டியை யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்."

மாஸ்டர் ஷூவை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கச்சேரி. மருமகள் ஒயர்களை மாட்டிவிட்டு, கட்டையைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி ஒலிப் பலகைக்குப் போனார்.

"கீபோர்டை முழுசா விடு" என்றார்.

"எதுக்கு வம்பு மாஸ்டர், கொஞ்சம் குறைச்சே வச்சுக்கலாமே" என்றார் ஃபேடர்.

"விடுன்னா விடு. அவ கையில ஒரு குத்தமும் இல்ல. அன்னைக்கு அதை ஏத்தி வச்சது நான்."

காலி அரங்கில் அது தேவைக்கு மேலேயே கேட்டது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் காது மடல் சிவக்க மேடை ஏறி வந்து, நோட்டைத் திறந்து, "புல்லாங்குழல்லேருந்து டிரம்பெட்" என்றார். அவள் வாசித்தாள். டிக். "டிரம்பெட்லேருந்து வயலின்." டிக். நாற்பத்தொன்றையும் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நாத்தனார் அதுவரை ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கச்சேரி ஆரம்பித்தபோது அவள் இடது காதில் மட்டும் இயர்போன் வைத்திருந்தாள். டாக்டர் சொன்ன இரண்டு வாரம் அன்றோடு முடிந்திருந்தது. ஆனாலும் வலது இயர்போன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு முழுக்க அப்படியேதான் பாடினாள். மருமகள் அதைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. மாஸ்டர் ஆயிரம் சொன்னாலும், கீபோர்டு சத்தம் போகிற காது அது.

இரண்டாவது பாட்டு. புல்லாங்குழல் ஏறி, இறங்கி, கடைசி சுரத்துக்கு வந்தது. மருமகள் கால் பெடலுக்கு மேல் நின்றது. அப்போது நாத்தனார் திரும்பி, தோளில் தொங்கிய இயர்போனை எடுத்து வலது காதில் வைத்து, விரலால் நன்றாக உள்ளே அழுத்திக்கொண்டாள். பிறகு அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மருமகள் பெடலைத் தட்டினாள்.

டிரம்பெட் வந்தது. நாத்தனார் கண்ணை இமைக்காமல் அடுத்த வரியைப் பாடினாள்.